மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி: எதை, எந்த வரிசையில் வாங்குவது

டெக்சாஸில் குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. சட்டைக்கு உள்ளே துப்பாக்கி வைத்துக்கொண்டு வெளியே போவது எனக்கு ஏழு வருடப் பழக்கம். அலுவலக நண்பர்கள், பக்கத்துத் தெருத் தமிழ்க் குடும்பங்கள் என்று பலரைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய்ப் பழக்கியிருக்கிறேன். தடுமாறியவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள்: முதல் வேலையாகத் துப்பாக்கியை வாங்கிவிட்டார்கள். அப்புறம் அதற்குப் பொருந்தும் உறை கிடைக்கவில்லை. உறை கிடைத்தால் பெல்ட் தாங்கவில்லை. எல்லாம் சரியானபோது, அந்தத் துப்பாக்கியைச் சுட்டால் கை வலித்தது. கடைசியில் அது அலமாரியில் துணிக்கு அடியில் பூட்டாமல் கிடந்தது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைவிட ஆபத்தான நிலை வேறு இல்லை.

அதனால்தான் இந்த வழிகாட்டியில் துப்பாக்கிக் கடைக்குப் போவது ஆறாவது படியில் வருகிறது. முதல் ஐந்தையும் தாண்டிப் போகாதீர்கள்.

இது அமெரிக்காவில் சட்டப்படி வசிப்பவர்களுக்காக எழுதியது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் முற்றிலும் வேறு விதிகளைக் கொண்டது. இங்கே சொல்லும் எதுவும் அங்கே பொருந்தாது.

1. உங்கள் விசா என்ன என்று பாருங்கள்

நம்மவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் அதை நம்பி இடுப்பில் துப்பாக்கி கட்டுவதற்கு முன் குடியேற்றச் சட்ட வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தலுக்கே காரணமாகலாம்.

கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். குடியுரிமை பெற்றிருந்தால் சொல்ல வேண்டியதில்லை.

விசாவில் இருப்பவர் சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் 'வைத்திருத்தல்'தான். கணவருக்கு எச்-1பி, மனைவிக்கு கிரீன் கார்டு என்ற வீடுகளில் துப்பாக்கி மனைவியின் பெயரில் இருந்தாலும், பெட்டகத்தின் சாவியும் எண்ணும் மனைவியிடம் மட்டுமே இருக்க வேண்டும்.

'எனக்குக் கிடைக்காது, நீ வாங்கிக் கொடு' என்று நண்பர் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். வாங்கத் தகுதியில்லாதவருக்காக இன்னொருவர் தன் பெயரில் வாங்குவது கூட்டாட்சிக் குற்றம். 2022-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு தண்டனை 15 வருடம் வரை போகும்.

கஞ்சாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாநிலம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை; கடையில் நிரப்பும் படிவம் இதை நேரடியாகக் கேட்கிறது. பொய்யாகப் பதில் எழுதுவது தனிக் குற்றம்.

இன்னொன்று, சட்டத்தில் இல்லாதது. வீட்டில் யாராவது மனச்சோர்விலோ கடும் நெருக்கடியிலோ இருந்தால் இப்போது துப்பாக்கி வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் வீட்டை விட்டு வெளியே பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுங்கள். இந்த நாட்டில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். 988 என்ற நெருக்கடி உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

2. மாநிலச் சட்டத்தைப் படித்து, லைசென்ஸ் எடுங்கள்

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் கொடுத்த ப்ரூவன் தீர்ப்புக்குப் பிறகு, காரணம் காட்டினால்தான் துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்ல லைசென்ஸ் என்ற முறை எங்கும் செல்லாது. ஆனாலும் நிபந்தனைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூயார்க்கில் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் கட்டாயம். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ள 21 வயதானவர்களுக்கு லைசென்ஸே தேவையில்லை.

தேவையில்லை என்றாலும் எடுங்கள் என்பதே என் கருத்து. பல மாநிலங்கள் டெக்சாஸ் லைசென்ஸை ஏற்கின்றன. லைசென்ஸ் இல்லாமல் எல்லை தாண்டினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பள்ளிகளைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம், பள்ளி இருக்கும் மாநிலத்தின் லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு தருகிறது. நகரத்தில் பள்ளிக்கு 1000 அடிக்குள் போகாமல் கார் ஓட்ட முடியுமா? இந்த ஒன்றுக்காகவே எடுக்கலாம்.

டெக்சாஸ் தேர்வு கடினமில்லை. 50 ரவுண்டு, அதாவது 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளி, 175 எடுத்தால் தேர்ச்சி. பாஸானதாலேயே சுடத் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடக்கூடாது.

வாசல் பலகைகளைப் படிக்கப் பழகுங்கள். டெக்சாஸில் 30.05 பலகை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பவருக்கு, 30.06 லைசென்ஸோடு மறைத்து வைத்திருப்பவருக்கு, 30.07 வெளியே தெரியும்படி வைத்திருப்பவருக்கு. மது விற்பனையால்தான் பாதிக்கு மேல் வருமானம் என்ற கடைகளில் சிவப்பு நிறத்தில் '51%' என்று பெரிதாகப் போட்டிருக்கும். அங்கே எடுத்துச் செல்லக்கூடாது.

வாங்கப்போகும் பொருளையும் சட்டம் தீர்மானிக்கும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி மூன்றிலும் மேகசினில், அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டில், 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. கொலராடோவில் 15. கலிஃபோர்னியாக் கடைகளில் மாநிலப் பட்டியலில் உள்ள மாடல்கள்தான் விற்பனைக்கு. இதைப் படிக்காமல் இணையத்தில் மாடல் தேடி ஆசைப்படுவது வீண்.

3. பெட்டகம் வீட்டுக்கு வந்துவிடட்டும்

துப்பாக்கி வரும் நாளில் அதை வைக்க இடம் இருக்க வேண்டும். 'அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம்' என்று சொன்னவர்களின் துப்பாக்கி மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

படுக்கைக்குப் பக்கத்தில் பொத்தான் எண் அல்லது விரல் ரேகையில் திறக்கும் சிறு பெட்டகம் ஒன்று. அதைத் தரையிலோ கட்டில் சட்டத்திலோ போல்ட் போடுங்கள். கையில் தூக்கக்கூடிய பெட்டகத்தைத் திருடன் அப்படியே தூக்கிக்கொண்டு போவான். விரல் ரேகை வியர்வையில் சொதப்பும், அதனால் எண்ணும் சாவியும் உள்ளதாகப் பாருங்கள்.

காருக்கு எஃகுக் கேபிளோடு சீட் கம்பியில் மாட்டும் பெட்டி ஒன்று. பள்ளி, நீதிமன்றம் போன்ற இடங்களுக்குப் போகும்போது டேஷ்போர்டில் உள்ள கையுறைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவதுதான் திருடுபோவதற்கு முதல் வழி.

4. ஒரு வாரம் உங்கள் உடையையும் நாளையும் கவனியுங்கள்

இதற்குக் காசு செலவில்லை. அதனால்தானோ என்னவோ, செய்பவர்கள் குறைவு.

ஒரு வாரம் தினமும் எழுதி வையுங்கள்: என்ன உடுத்தினேன், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன், எங்கெல்லாம் போனேன், அதில் எந்த இடங்களில் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. அலுவலகம் தடை செய்திருந்தால், குழந்தையைப் பள்ளியிலிருந்து தினமும் அழைத்துவந்தால், உங்கள் வாரத்தில் துப்பாக்கி இடுப்பில் இருக்கக்கூடிய நேரம் நீங்கள் நினைத்ததைவிட மிகக் குறைவாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

டக்-இன் செய்த சட்டையில் மறைப்பதற்கும் வெளியே விட்ட சட்டையில் மறைப்பதற்கும் உறையே வேறு. சேலை, சல்வார் உடுத்துபவர்களுக்குப் பெல்ட் கிடையாது. வயிற்றில் சுற்றும் பட்டை வகையைத்தான் பலர் தேடுகிறார்கள். அதில் டிரிகரை மூடும் கடினமான ஓடு தைத்திருந்தால் மட்டும் வாங்கலாம். வெறும் எலாஸ்டிக் துணி டிரிகரைக் காக்காது.

வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகும் நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில் இருக்கட்டும். வேட்டி முடிச்சு முக்கால் கிலோ எடையைத் தாங்காது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடும் இடத்தில் அது நழுவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

5. வாடகைக்கு எடுத்து நான்கு துப்பாக்கியாவது சுடுங்கள்

பெரும்பாலான உள்ளரங்கச் சுடுதளங்கள் மணிக்கணக்கில் துப்பாக்கி வாடகைக்குத் தருகின்றன. முதல்முறை தனியாகப் போனால் பல இடங்களில் தரமாட்டார்கள். தற்கொலைகளைத் தடுக்கும் ஏற்பாடு அது. தெரிந்த ஒருவரோடு போங்கள்.

கையில் எடுப்பதற்கு முன் நான்கு விதிகள் மனப்பாடமாக வேண்டும். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நடத்துங்கள். அழிக்க விரும்பாத எதன் மீதும் குழாய் முனையைத் திருப்பாதீர்கள். இலக்கைப் பார்த்துச் சுடத் தீர்மானிக்கும்வரை விரல் டிரிகரைத் தொடக்கூடாது. இலக்கு எது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் மற்ற மூன்றும் உயிரைக் காக்கும்படி அமைந்த விதிகள் இவை.

காதுக்கு உள்ளே செருகும் அடைப்பும் மேலே மூடும் கவசமும் சேர்த்துப் போடுங்கள். உள்ளரங்கில் ஒன்று மட்டும் போதாது. கர்ப்பிணிகள் சுடுதளத்துக்கு வர வேண்டாம்: காற்றில் ஈயத்தூள் இருக்கும், சத்தத்தை வயிற்றில் இருக்கும் குழந்தையிடமிருந்து தடுக்க வழியில்லை. முடித்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு.

இப்போது பொருத்தம். நான் புதியவர்களிடம் பார்ப்பவை இவை:

கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி சுட்டுவிரலின் முதல் கணுவுக்கு மேல் உள்ள சதை டிரிகரில் நேராகப் படிகிறதா? எட்டாமல் கையைத் திருப்பிப் பிடித்தால், சுடும்போது துப்பாக்கி பின்னே தள்ளும் பின்னுதை கட்டைவிரல் மூட்டில் விழும். தோட்டா இடது பக்கமாகப் போகும்.

ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, பத்து முறை பின்னுக்கு இழுக்க முடிகிறதா? முடியாதவர்கள் பெரும்பாலும் ஒரு கையால் மட்டும் இழுக்கிறார்கள். துப்பாக்கியை நெஞ்சருகே கொண்டுவந்து, ஸ்லைடை முழு உள்ளங்கையால் பற்றி, மறு கையால் கைப்பிடியை முன்னே தள்ளுங்கள். தள்ளும் கைதான் வேலை செய்ய வேண்டும். குழாய் முனை சுடும் திசையிலேயே இருக்கட்டும்; இழுக்கும் முயற்சியில் பக்கவாட்டில் திருப்பி அடுத்தவர் மீது நீட்டுவது தினமும் நடக்கும் தவறு. இப்படிச் செய்தும் முடியவில்லை என்றால் ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு ஈஸி போன்ற இலகுவான ஸ்பிரிங் உள்ளதைப் பாருங்கள். மூட்டுவலி உள்ள ஒரு அம்மாவுக்கு அதுதான் சரிப்பட்டது.

ஐம்பது ரவுண்டு சுட்ட பிறகும் இன்னும் சுடலாம் என்று தோன்றுகிறதா? இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. ரூகர் எல்சிபி சுமார் 270 கிராம்தான். பேன்ட் பையில் போட்டால் தெரியாது. கடைக்காரர் கையில் கொடுத்ததும் 'அட, எவ்வளவு சின்னது!' என்று வாங்கிவிடுவார்கள். எடை குறையக் குறையப் பின்னுதை கையில் அறைவது போல விழும். இரண்டாவது மேகசினிலேயே கண்ணை மூடிக்கொண்டு சுட ஆரம்பிப்பார்கள். மறைக்க மிகச் சுலபமான துப்பாக்கி பயிற்சிக்கு மிக மோசமான துப்பாக்கி. அதை நன்றாகச் சுட அனுபவம் வேண்டும், புதியவருக்கு ஏற்றதல்ல.

ஐந்து ரவுண்டு சிறு ரிவால்வரும் இதே கதைதான். 'பெண்களுக்கு ஏற்றது' என்று சிலர் கைகாட்டுவார்கள். டிரிகர் கனம் அதிகம், பார்வைக்குறி சிறியது. பழகிய கைக்கு அருமையான ஆயுதம், முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

6. இப்போது மாடலைத் தீர்மானியுங்கள்

குண்டின் அளவு: 9 மிமீ. கை வலுவில்லாதவர்களுக்கு மட்டும் .380 என்ற வலு குறைந்த தோட்டா. எஃப்.பி.ஐ.யே .40-லிருந்து 9 மிமீக்குத் திரும்பிவிட்டது. பின்னுதை குறைவு, மேகசினில் இடம் அதிகம், பயிற்சித் தோட்டா மலிவு. இதில் நீண்ட விவாதம் தேவையில்லை.

அளவு: பெரும்பாலானவர்களுக்கு சிக் சவர் பி365, ஷீல்டு பிளஸ், க்ளாக் 43எக்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் என்ற வரிசைக்குள் ஒன்று பொருந்தும். 2018-இல் வந்த பி365 அரைக் கிலோ எடையில் 10 தோட்டா கொள்ளும். உடம்பு கொஞ்சம் பெரிதாக இருந்து, வெளியே விட்ட சட்டை போடுபவர் என்றால் க்ளாக் 19. 15 தோட்டா, காலி மேகசினோடு சுமார் 670 கிராம். சுடச் சுகம்.

குழாய் நீளத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குழாய் பேன்ட்டுக்கு உள்ளே போய்விடுகிறது. சட்டையில் முட்டிக்கொண்டு காட்டிக்கொடுப்பது கைப்பிடிதான். கைப்பிடியை ஒரு சென்டிமீட்டர் குறைப்பது, குழாயை மூன்று சென்டிமீட்டர் குறைப்பதைவிட அதிகம் மறைக்கும். நீளமான குழாய் உள்ளே நெம்புகோல் போல நின்று கைப்பிடியை உடம்போடு சேர்த்து அணைக்கவும் செய்யும்.

உறை எளிதாகக் கிடைக்கும் மாடலாக வாங்குவது பெரிய நன்மை. புதிதாக வந்த, யாரிடமும் இல்லாத மாடலுக்கு உறை தேடி மூன்று மாதம் காத்திருந்த நண்பர் உண்டு.

கடையில் 4473 என்ற கூட்டாட்சிப் படிவம் நிரப்ப வேண்டும்; பின்னணிச் சோதனை நடக்கும். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். நம்மவர்கள் இங்கே சிக்குவது முகவரியில். வீடு மாறியிருப்பார்கள், டிரைவிங் லைசென்ஸில் பழைய அபார்ட்மென்ட் இருக்கும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிரீன் கார்டுக்காரர்கள் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், அதிலுள்ள எண்ணைப் படிவம் கேட்கும்.

7. உறைக்கும் பெல்ட்டுக்கும் கஞ்சத்தனம் வேண்டாம்

ஹோல்ஸ்டர் என்கிற உறைதான் நாள் முழுக்க உங்களுக்கும் தோட்டாவுக்கும் இடையே இருப்பது. மூன்று நிபந்தனைகள்: டிரிகர் வளையத்தை எல்லாப் பக்கமும் கடினமான பொருளால் மூட வேண்டும். தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் துப்பாக்கி விழக்கூடாது; உலுக்கிப் பார்க்கும்போது தோட்டா எடுத்திருக்க வேண்டும், கீழே மெத்தை இருக்கட்டும். துப்பாக்கியை உருவிய பிறகும் வாய் திறந்தே நிற்க வேண்டும், அப்போதுதான் ஒரு கையால் திரும்ப வைக்க முடியும். கைடெக்ஸ் என்ற கடினப் பிளாஸ்டிக்கில், உங்கள் மாடலுக்கென்றே வார்த்த உறை மூன்றையும் நிறைவேற்றும். 'எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்' என்று விற்கும் மெல்லிய நைலான் உறை ஒன்றையும் நிறைவேற்றாது.

இடம்: வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னே, கடிகாரத்தின் நான்கு மணி நிலை. அல்லது வயிற்றின் முன்பக்கம், அப்பெண்டிக்ஸ் என்பார்கள். முன்பக்கம் நன்றாக மறையும், சீக்கிரம் உருவலாம். ஆனால் குழாய் உங்கள் தொடையையும் அதன் இரத்தக் குழாயையும் நோக்கி இருக்கும். ஒரு வருடமாவது நான்கு மணி நிலையில் பழகிவிட்டு முன்பக்கம் மாறுங்கள் என்பேன். நான்கு மணியில் குனியும்போது சட்டை ஏறிக் கைப்பிடி தெரியும். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனியப் பழகுங்கள்.

பெல்ட் சாதாரணத் தோல் பெல்ட்டாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் உறை வெளியே சாய்ந்துவிடும். இதற்கென்றே உள்ளே விறைப்பான தகடு வைத்த ஒன்றரை அங்குல பெல்ட் கிடைக்கிறது. பேன்ட் ஒரு அளவு பெரிதாக வேண்டியிருக்கும். துப்பாக்கி சரியில்லை என்று மாற்றிய இருவருக்கு உண்மையில் மாற்ற வேண்டியிருந்தது பெல்ட்டைத்தான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். குளிர்காலம், எங்கள் வீட்டுக் கார் ஷெட். நண்பர் காலித் துப்பாக்கியை வைத்து எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார். அவருடைய ஜாக்கெட்டின் அடி ஓரத்தில் இழுத்துக் கட்டும் கயிறு, அதன் முனையில் கடலைப் பருப்பு அளவு பிளாஸ்டிக் பொத்தான். துப்பாக்கியை உறைக்குள் வேகமாகத் தள்ளினார். பொத்தான் டிரிகர் வளையத்துக்குள் மாட்டி இழுத்தது. 'டக்' என்று சுத்தியல் விழும் சத்தம். தோட்டா இருந்திருந்தால் அது தொடைக்குள் போயிருக்கும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்றே அந்தக் கயிறுகளை வெட்டி எறிந்தார்.

உருவுவதற்கு அவசரம் வரலாம். திரும்ப வைப்பதற்கு எந்த அவசரமும் கிடையாது. சட்டையை முழுதாக விலக்கி, உறையைக் கண்ணால் பார்த்து, மெதுவாக வையுங்கள். தடை தெரிந்தால் தள்ளாதீர்கள்.

8. தோட்டா: இரண்டு வகை வாங்க வேண்டும்

பயிற்சிக்கு முழு உலோக உறையிட்ட குண்டு. 9 மிமீயில் 115 அல்லது 124 கிரெயின் எடை. மலிவாகக் கிடைப்பதை வாங்குங்கள்.

இடுப்பில் வைப்பதற்கு ஹாலோ பாயின்ட், அதாவது முனையில் குழி உள்ள குண்டு. உடம்பில் பட்டதும் விரிந்து, வேகத்தை அங்கேயே இழந்து நிற்கும். பயிற்சிக் குண்டு உடம்பைத் துளைத்துப் பின்னால் நிற்பவர் மீதும் பாயக்கூடும். அந்தப் பின்னால் நிற்பவருக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

1986-இல் மியாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்த மோதலில், எதிரியைத் தாக்கிய ஒரு குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் இன்றைய சோதனை முறை வந்தது: உடம்புத் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் பாளத்தில், கனமான துணி, சுவர்ப் பலகை, ஒட்டுப்பலகை, எஃகுத் தகடு, கார் முன்கண்ணாடி வழியாகச் சுட்டு, 12 முதல் 18 அங்குலத்துக்குள் குண்டு நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பியர் கோல்டு டாட், ஹார்னடி கிரிட்டிகல் டியூட்டி போன்றவை இந்த அளவுகோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. இதில் எது உங்கள் துப்பாக்கியில் தடங்கலின்றி ஓடுகிறதோ அதுவே உங்களுக்கு நல்லது.

3 அங்குலக் குழாயில் குண்டின் வேகம் குறையும்; வேகம் குறைந்தால் சில குண்டுகள் விரியாது. சிறிய துப்பாக்கிக்காரர்கள் குட்டைக் குழாய்க்கென்று குறிப்பிட்ட வகையையும் முயன்று பாருங்கள். .380-இல் பல குண்டுகள் விரிந்தால் ஆழம் போதாது, ஆழம் போனால் விரியாது.

நியூ ஜெர்சிச் சட்டம் ஹாலோ பாயின்ட்டைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைக் கட்டுப்படுத்துகிறது. அந்த மாநிலத்துக்குள் நுழையும் முன் சட்டத்தைப் படித்துவிடுங்கள்.

9. நம்புவதற்கு முன் சோதியுங்கள்

பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியை அப்படியே இடுப்பில் செருகாதீர்கள். முதலில் எண்ணெய் துடைத்து, கையேட்டில் சொன்ன இடங்களில் துளி எண்ணெய் விட்டு, 200 ரவுண்டு பயிற்சித் தோட்டா. அப்புறம் எடுத்துச் செல்லப்போகும் ஹாலோ பாயின்ட்டில் குறைந்தது 50. விலை உறுத்தும்தான். 20 தோட்டா உள்ள அந்தப் பெட்டி, 50 பயிற்சித் தோட்டாப் பெட்டியைவிடப் பெரும்பாலும் அதிக விலை. இந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள்.

மேகசின்களின் அடியில் 1, 2, 3 என்று மார்க்கரில் எழுதுங்கள். தோட்டா சிக்கினால் எந்த மேகசின் என்று குறித்து வையுங்கள். துப்பாக்கி மேல் பழி போடப்படும் பல தடங்கல்கள் ஒரே மேகசினிலிருந்து வருபவை. இன்னும் பல, தளர்ந்த மணிக்கட்டிலிருந்து வருபவை: பிடி உறுதியில்லாமல் துப்பாக்கி முழுவதும் பின்னே சாய்ந்தால் ஸ்லைடு தன் முழுத் தூரம் ஓடாது.

10. வீட்டில் காலித் துப்பாக்கியோடு ஒரு மாதம்

தோட்டாக்களை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். சேம்பரை, அதாவது சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறையை, கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். பின்னால் ஆளில்லாத கெட்டியான சுவரைப் பார்த்து நில்லுங்கள். தினமும் பத்து நிமிடம், இருபது முறை: சட்டையை விலக்கு, பிடி, உருவு, இரு கை சேர், குறி பார், டிரிகர் அழுத்து, மெதுவாகத் திரும்ப வை. நேரம் முடிந்தால் முடிந்ததுதான். 'இன்னொரு தடவை' என்று தோட்டா போட்ட பிறகு செய்ததில்தான் சுவரில் ஓட்டை விழுகிறது.

இதே மாதம் காலித் துப்பாக்கியை உறையோடு அணிந்து வீட்டுக்குள் நடமாடுங்கள். உட்காருங்கள், ஷூ கட்டுங்கள், குழந்தையைத் தூக்குங்கள். எங்கே குத்துகிறது, எங்கே தெரிகிறது என்பது தெரியும். தொட்டுத் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் இந்த மாதத்திலேயே போய்விடும். வெளியே ஆளைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தத் தொடுதல்தான்.

11. மற்ற பொருட்கள்

சட்டைப்பையில் கைவிளக்கு ஒன்று. துப்பாக்கியில் மாட்டும் விளக்கைவிட இதற்கு முதலிடம், ஏனென்றால் ஒருவரை விளக்கடித்துப் பார்ப்பதற்காக அவர் மேல் குழாயை நீட்ட முடியாது. துப்பாக்கியிலும் விளக்கு வேண்டும் என்றால் உறை வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். விளக்கோடு சேர்த்து வார்த்த உறை வேறு.

சிவப்புப் புள்ளிப் பார்வைக்குறி, நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு வரப்பிரசாதம். முன்குறி மங்கினாலும் புள்ளி தெளிவாகத் தெரியும். பேட்டரியை வருடம் ஒருமுறை, பிறந்தநாளில் மாற்றிவிடுங்கள். முதல் ஆறு மாதம் இரும்புக் குறியில் பழகுவதே நல்லது.

இரத்தம் நிறுத்தும் பட்டை ஒன்று காரில் இருக்கட்டும், 'ஸ்டாப் த பிளீட்' வகுப்பில் அதைப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை விபத்தில் அது பயன்படுவதற்கு, துப்பாக்கி பயன்படுவதைவிட வாய்ப்பு அதிகம்.

டிரிகர் மாற்றும் உதிரிகள், பெரிய பொத்தான்கள், இலகு ஸ்பிரிங்குகள் வேண்டாம்.

12. வெளியே போக ஆரம்பித்த பிறகு

போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். டெக்சாஸில் அடையாள அட்டை கேட்டால், துப்பாக்கி இருக்கும்போது, லைசென்ஸையும் சேர்த்துக் காட்ட வேண்டும். துப்பாக்கியைத் தொட்டுக் காட்டாதீர்கள், எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள்.

பொதுக் கழிப்பறையில் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துப் பலகையில் வைக்காதீர்கள். மறந்துவிட்டு வருபவர்கள் அங்கேதான் மறக்கிறார்கள். பேன்ட் இறங்கும்போது உறையோடு சேர்த்துப் பிடித்து, பெல்ட்டை முழங்கால் உயரத்தில் இறுக்கி வையுங்கள்.

விமானத்தில் கைப்பையில் கூடவே கூடாது. தோட்டா எடுத்து, பூட்டிய கடினப் பெட்டியில், செக்-இன் சாமானில், கவுன்டரில் சொல்லி அனுப்ப வேண்டும். சுடுதளத்துக்குக் கொண்டுபோன பையையே பயணப் பையாக எடுத்துப் போகாதீர்கள்; அடியில் உருண்டு கிடக்கும் ஒரு தோட்டா போதும்.

மது குடிக்கும் இடம் என்றால் முன்பே தீர்மானியுங்கள்: குடிக்கிறேன் என்றால் துப்பாக்கி வீட்டில்.

இரவு வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை உறையிலிருந்து உருவாமல், உறையோடு சேர்த்துக் கழற்றி அப்படியே பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். தினமும் சேம்பரிலிருந்து தோட்டாவை எடுத்துக் காலையில் அதே தோட்டாவை மறுபடி ஏற்றினால், ஒவ்வொரு தடவையும் சேம்பர் வாயிலுள்ள சரிவில் மோதிக் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டாவின் உலோகக் குப்பிக்குள் இறங்கும். சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். எடுக்க நேர்ந்தால் அந்தத் தோட்டாவைப் புதிய தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். நகக்கண் அளவு குட்டையாக இருந்தாலும் அதைத் தனியே எடுத்து வைத்து, சுடுதளத்தில் அதற்கென்று வைத்திருக்கும் வாளியில் போட்டுவிடுங்கள்.